வல்லாரையைத் தேடிப் பறிப்பதா? நிழலில் பயிரிடுவதா?

சென்னை வடபழனியில் காலை வேளையில் கீரைக் கூடையுடன் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி இவற்றுக்கு நடுவே சில நாட்களில் ஒன்றிரண்டு கட்டு வல்லாரையும் இருக்கும். பரீட்சைக் காலம் நெருங்கினால் அதற்குக் கிராக்கி கூடும். பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி வளரும் என்று தாய்மார்கள் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அரைக்கீரை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இன்ன பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோயம்பேடு வந்து அங்கிருந்து வாங்கி வந்தது என்று பதில் கிடைக்கும். வல்லாரையைப் பற்றிக் கேட்டால், "எங்கேயோ தண்ணிக் கரையிலே பறிச்சதுதாம்மா" என்பார்கள். விற்கிறவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கும் அதற்கு மேல் தெரியாது.

எந்தத் தண்ணீர்க் கரை என்பதுதான் கேள்வி. ஏரியும் கால்வாயும் சுத்தமாக இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு அவசியம் இருக்கவில்லை. இன்று அவசியம் இருக்கிறது. அதனால்தான் வல்லாரையைப் பறிக்கிற கீரை என்ற நிலையிலிருந்து பயிரிடுகிற கீரை என்ற நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்ல வேண்டியுள்ளது. இதைச் செய்யக் கூடியவர்கள் பெரிய பண்ணைக்காரர்கள் அல்லர். தோப்பு நிழலில் ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கும் ஒரு சென்ட், அரை சென்ட் நிலத்தை வைத்திருக்கும் சிறு விவசாயிகள்தான்.

கரை மாறிவிட்டது

வல்லாரை ஈரமும் நிழலும் சேர்ந்த இடத்தில் தானாகவே படரும் செடி. மரத்தடி, வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம், கிணற்றடி, ஏரியின் கசிவு நீர் நிற்கும் பள்ளம் ஆகியவை அதன் இயற்கையான இருப்பிடங்கள். மலைப் பகுதிகளில் காட்டு ஓடைகளின் கரையிலும் காணலாம். வடபழனியும் சாலிக்கிராமமும் தோட்டம் துரவுமாக இருந்த கிராமங்கள். பக்கத்தில் மாம்பலத்தில் பெரிய ஏரி இருந்தது. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவாயிற்று. அப்படிப்பட்ட மண்ணில் வல்லாரை தேடாமலே காலில் தட்டுப்படும்.

இன்று அந்தப் பகுதியில் மிஞ்சியிருக்கும் நீரோட்டங்களில் ஒன்று விருகம்பாக்கம் – அரும்பாக்கம் கால்வாய். மழைநீர் வடிவதற்கான அந்தக் கால்வாயில் சாக்கடை நீரும் கலந்து ஓடுவது ஊரறிந்த செய்தி. இப்படிப்பட்ட கால்வாய்களின் ஓரத்திலும் ஈரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது. வல்லாரையும் செழிப்பாகவே வளரும். பார்வைக்கு இலை பச்சென்று இருக்கும். செழிப்பைப் பார்த்துச் சுத்தத்தை முடிவு செய்ய முடியாது.

வல்லாரை மண்ணிலும் நீரிலும் உள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை வேர் வழியே எடுத்துக்கொள்ளும் தன்மை உடையது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தரையோடு ஒட்டி, கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும் செடியாதலால் மண்ணோடு அதற்குள்ள தொடர்பும் அதிகம். கழுவினால் சேறு போகும். இலைக்குள் சென்ற உலோகம் போகாது. சாக்கடை நீரில் உள்ள கிருமிகளும் புழு முட்டைகளும் மற்றோர் ஆபத்து. வல்லாரையைப் பலர் பச்சையாகவே அரைத்தும் மென்றும் சாப்பிடுவதால் இந்த ஆபத்து கூடுகிறது. பிள்ளையின் அறிவு வளர வேண்டும் என்று கொடுக்கும் கீரையில் ஈயம் இருந்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை. வளரும் குழந்தையின் மூளையைப் பாதிக்கும் நஞ்சுகளில் ஈயம் முதன்மையானது.

தானே முளைப்பதை ஏன் பயிரிட வேண்டும்?

"வரப்பில் தானாக வருவதற்குப் பாத்தி கட்டி உரம் போட வேண்டுமா?" என்று விவசாயிகள் கேட்பது நியாயமே. தானாக வருவது எப்போதும் வந்துகொண்டிருக்கும் என்ற நம்பிக்கை இதில் இருக்கிறது. பல ஊர்களில் அந்த நம்பிக்கை பொய்த்துவிட்டது. ஏரிகள் வற்றின, வரப்புகள் குறுகின, களைக்கொல்லி தெளித்த வரப்பில் வல்லாரையும் சேர்ந்தே கருகியது. மிஞ்சியதையும் வேரோடு பிடுங்கிக் கட்டாகக் கட்டினால் அந்த இடத்தில் செடி மீண்டும் பரவ நீண்ட நாளாகும்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள பிரச்சினை அன்று. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் மர நிழலில் ஒரு வகைக் காட்டுப்பூண்டு வளர்கிறது. இலை, கிழங்கு இரண்டும் உணவாகும். விதையிலிருந்து பறிக்கும் பருவத்துக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் பிடிக்கும் செடி அது. சந்தையில் கிராக்கி ஏறியதும் கூட்டம் கூட்டமாகத் தோண்டி எடுத்தார்கள். கனடாவின் கியூபெக் மாநிலம் 1995-இல் அதன் விற்பனைக்கே தடை போட்டது. சொந்த உபயோகத்துக்கு ஒருவர் ஆண்டுக்கு ஐம்பது கிழங்குகளுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று விதி வைத்தது. வீட்டுத் தோட்டத்து மர நிழலில் அதை வளர்க்கும் பழக்கமும் அங்கு பரவி வருகிறது.

அந்தப் பூண்டோடு ஒப்பிட்டால் வல்லாரை மிகவும் தாராளமான செடி. ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். நட்டு மூன்று மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். கடலுக்கு அப்பால் இலங்கையில் இதே செடி 'கொட்டுகொல' என்ற பெயரில் அன்றாடக் கீரையாகப் பாத்தி கட்டிப் பயிரிடப்படுகிறது. யாழ்ப்பாணத் தமிழர் வீடுகளில் வல்லாரைச் சம்பல் பழகிய உணவு. மலேசியாவிலும் வியட்நாமிலும் அது கீரையாகவும் சாறாகவும் விற்பனையாகிறது. தமிழ்நாட்டில் மட்டும் அதை மருந்து என்று உயர்த்திப் பேசிவிட்டுப் பயிர் செய்யாமல் விட்டுவிட்டோம்.

எந்த நிழல் ஏற்றது?

நிழல் என்றால் எல்லா நிழலும் ஒன்றல்ல. வெயிலும் நிழலும் பாதிப் பாதியாகக் கலந்து விழும் இடமே வல்லாரைக்கு மிகவும் ஏற்றது. முழு வெயிலில் இலை சிறுத்து, தடித்து, மஞ்சள் படரும்; நீரும் அதிகம் கேட்கும். இருண்ட நிழலில் காம்பு மட்டும் நீண்டு இலை மெலிந்துவிடும்.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் மரத்தின் வயதைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ எட்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரை தென்னையின் மட்டைகள் தாழ்வாகவும் நெருக்கமாகவும் இருந்து தரையில் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அந்தத் தோப்பில் வல்லாரை சுமாராகத்தான் வரும். இருபத்தைந்து வயதைத் தாண்டிய தோப்பில் மரம் உயர்ந்து வெளிச்சம் சலித்து விழும். அதுவே சரியான இடம். மாந்தோப்பின் அடர்ந்த உட்பகுதியைவிட அதன் ஓரம் நல்லது. தோப்பே இல்லாதவர்கள் கிணற்றடியில் முருங்கை, அகத்தி நிழலைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நகரவாசிகளுக்கும் இதில் பங்கு உண்டு. வடபழனியில் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு இடையே மூன்றடி, நான்கடி அகலத்தில் வெயில் எட்டிப் பார்க்காத சந்துகள் ஏராளம். இந்த இடத்தில் ரோஜா வராது, கத்தரி காய்க்காது என்று சிமெண்டு பூசிவிடுகிறார்கள். நாளில் இரண்டு மூன்று மணி நேரம் சாய்வெயில் விழுந்தால் போதும், அங்கே வல்லாரை வரும். ஆனால் கட்டட இடிபாடும் பழைய பெயிண்டுத் தூளும் கலந்த மண்ணில் நடக்கூடாது. ஓரடி ஆழத்துக்கு அதை நீக்கிவிட்டு நல்ல செம்மண்ணும் மட்கிய எருவும் நிரப்ப வேண்டும், அல்லது அகலமான தொட்டியில் வளர்க்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியை ஒட்டிய இடம் ஆகாது. சோப்பு நீரும், ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் உப்பு நீரும் ஊற்றக்கூடாது.

செடியை அடையாளம் காணுதல்

நாற்று வாங்கும்போது ஏமாறாமல் இருக்க வேண்டும். உண்மையான வல்லாரையின் இலை சிறுநீரக வடிவத்தில் இருக்கும். காம்பு சேரும் இடத்தில் இலை உள்வாங்கிப் பிளந்திருக்கும். ஓரம் அரைவட்டப் பற்களாக நெளிந்திருக்கும். பூக்கள் மிகச் சிறியவை. இளஞ்சிவப்பாகத் தரையை ஒட்டி மறைந்திருக்கும். இச்செடி கொத்தமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்தது.

நர்சரிகளில் அழகுக்காக விற்கும் ஒரு நீர்ச்செடியையும் சிலர் வல்லாரை என்று கொடுக்கிறார்கள். அதன் இலை முழு வட்டமாக, குடைக்குக் காம்பு இருப்பதுபோல் நடுவில் காம்பு சேர்ந்திருக்கும். எலிக்காது இலைக் கொடியும் தோற்றத்தில் ஏமாற்றும். ஆனால் அதன் பூ மஞ்சள் நிறம். வட மாநிலங்களில் வல்லாரையையும் நீர்ப்பிரம்மியையும் ஒரே 'பிரம்மி' என்ற பெயரால் அழைக்கும் வழக்கம் உண்டு. நீர்ப்பிரம்மியின் இலை சிறியது, தடித்தது, தண்டில் எதிரெதிராக அமைந்தது. மூன்றும் வெவ்வேறு செடிகள்.

நடவும் பராமரிப்பும்

வல்லாரைக்கு விதை தேவையில்லை. ஓடுதண்டில் இரண்டு மூன்று கணுக்களும் வேரும் இருக்கும்படி வெட்டி நட்டால் போதும். தாய்ச்செடியைச் சாக்கடை ஓரத்திலிருந்து எடுக்கக்கூடாது. தம் சொந்த வயல் வரப்பில் இருப்பதையோ, நம்பிக்கையான தோட்டத்திலிருந்தோ எடுப்பதே முறை.

இருபத்தைந்தடி இடைவெளியில் நட்ட தென்னந்தோப்பை எடுத்துக்கொள்வோம். மரத்தைச் சுற்றி ஆறடி விட்டுவிட்டால் இரு வரிசைகளுக்கு இடையே பதின்மூன்று அடி அகலம் கிடைக்கும். அதில் மூன்றடி அகலப் பாத்திகள் மூன்றும், நடுவே ஒன்றரை அடி நடைவழிகள் இரண்டும் அமைக்கலாம். நான்கு மரங்களுக்கு இடையே, இருபத்தைந்தடி நீளத்துக்கு, 225 சதுர அடி பாத்தி கிடைக்கிறது. அது ஏறக்குறைய அரை சென்ட். அடிக்கு ஒரு துண்டு வீதம் 225 துண்டுகள் வேண்டும். ஒரு பாத்திக்கு இருபது கிலோ நன்கு மட்கிய தொழு உரம் போட்டுக் கொத்திவிட வேண்டும். பச்சைச் சாணம் ஆகாது.

ஆடி, ஆவணியில் நட்டால் வடகிழக்குப் பருவமழைக்குள் செடி வேர்பிடித்துப் பரவிவிடும். நட்ட உடனே நீர் விட வேண்டும். பிறகு மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். கத்திரி வெயிலில் காலையும் மாலையும் பூவாளியால் தெளிக்க வேண்டி வரும். கடலோரக் கிராமங்களில் கிணற்று நீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும்; அங்கு இதை முயலாமல் இருப்பதே நல்லது.

முதல் இரண்டு மாதம் களை எடுப்பதுதான் முக்கிய வேலை. செடி தரையை மூடிய பிறகு களை தானே அடங்கும். நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் நத்தைகள் வரும். இரவில் விளக்கு வைத்துப் பொறுக்கி உப்பு நீரில் போட்டு அழிக்க வேண்டும். பச்சையாகத் தின்னும் கீரையாதலால் இதற்குப் பூச்சிமருந்து தெளிப்பதை நினைத்தும் பார்க்கக்கூடாது. மேலே உள்ள தென்னைக்கு மருந்து கொடுக்க வேண்டிய நிலை வந்தால், அந்த மருந்துக்குரிய காத்திருப்புக் காலம் முடியும்வரை அடியில் உள்ள கீரையைப் பறிக்கக்கூடாது. தென்னை மட்டை விழுந்தால் அன்றே அப்புறப்படுத்த வேண்டும். மட்டையின் அடியில் ஒரு வாரம் கிடந்தால் செடி வெளுத்து அழுகிவிடும்.

நட்ட இரண்டரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் முதல் பறிப்பு எடுக்கலாம். வேரோடு பிடுங்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். தரைக்கு ஓரங்குலம் மேலே அரிவாளால் காம்போடு அறுக்க வேண்டும். ஓடுதண்டும் வேரும் பாத்தியிலேயே இருக்கட்டும். அறுத்ததும் மட்கிய எருத்தூள் தூவி நீர் விட்டால் மாதத்துக்கு ஒரு முறை பறிப்பு எடுக்கலாம். ஒரே நாளில் எல்லாப் பாத்தியையும் அறுக்காமல், பாத்திகளை முறை வைத்து அறுத்தால் வாரந்தோறும் கட்டு அனுப்ப முடியும்.

கீரையாக விற்பதா, மருந்தாக விற்பதா?

விவசாயிகள் தவறு செய்யக்கூடிய இடம் இதுதான். "மூலிகை சாகுபடி செய்யுங்கள், லட்சம் சம்பாதியுங்கள், நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லி நாற்றுக்குப் பெருந்தொகை கேட்பவர்கள் அவ்வப்போது கிராமங்களுக்கு வருவதுண்டு. ஈமு கோழி வளர்ப்பில் இதே வாக்குறுதியை நம்பிக் கொங்கு மாவட்டங்களில் எத்தனை குடும்பங்கள் 2012-இல் பணத்தை இழந்தன என்பதை மறந்துவிடக்கூடாது. வல்லாரைக்கு நாற்று வாங்கப் பெரும்பணம் தேவையே இல்லை. ஒரு கூடை ஓடுதண்டு கிடைத்தால் அதையே பெருக்கிக்கொள்ளலாம்.

மருந்துக்கு விற்பதானால் உலர்த்திக் கொடுக்க வேண்டும். வல்லாரை இலையில் பெரும்பகுதி நீர். ஏழெட்டுக் கிலோ பச்சை இலையை உலர்த்தினால் ஒரு கிலோதான் மிஞ்சும். காட்டிலும் கரையிலும் செலவில்லாமல் பறித்து வரும் சரக்கோடு விலையில் போட்டி போட வேண்டும். உலக மருந்துத் தொழிலுக்கு வல்லாரை அனுப்பும் நாடுகளில் மடகாஸ்கர் முக்கியமானது. இதன் இலையிலிருந்து 1940-களில் பிரித்தெடுத்த ஒரு பொருள் புண் ஆற்றும் மருந்துகளில் இன்றும் சேர்கிறது. அவ்வளவு மதிப்புள்ள சரக்காக இருந்தும் அங்கே பெரும்பகுதி ஏழைகள் காட்டில் பறித்துக் கொடுப்பதுதான். எருவும் நீரும் கூலியும் செலவிட்டு வளர்ப்பவருக்கு அந்த விலை கட்டாது.

பச்சைக் கட்டாக விற்றால் கணக்கு வேறு. நீரோடு சேர்த்தே எடை. பறித்த அன்றே பணம். ஆனால் வல்லாரைக்கு அரைக்கீரை அளவுக்கு விற்பனை கிடையாது. வாரத்துக்கு ஒரு கட்டு வாங்கும் வீடுகள்தான் அதிகம். ஆகவே யாரும் எடுத்த எடுப்பில் அரை ஏக்கர் நட்டுவிடக்கூடாது. முதல் ஆண்டு ஒரு சென்ட் போதும். ஏற்கனவே கீரை அனுப்பும் விவசாயி தம் கட்டுகளோடு இதையும் பத்துப் பதினைந்து கட்டு சேர்த்து அனுப்பிப் பார்க்கட்டும். தேவை தெரிந்த பிறகு இரண்டு சென்ட் ஆக்கலாம். உழவர் சந்தையில் கடை போடுபவர்கள், இன்ன ஊரில், கிணற்று நீரில் வளர்த்த வல்லாரை என்று ஓர் அட்டையில் எழுதி வைக்கலாம். வேரில்லாமல் அறுத்த கட்டே அது வளர்த்த கீரை என்பதற்கு ஓரளவு அடையாளம்.

உண்போர் கவனத்துக்கு

வல்லாரைக்குச் சரஸ்வதிக் கீரை என்றும் பெயர் உண்டு. அதற்காகப் பரீட்சைக்கு முந்திய வாரம் தின்றால் மதிப்பெண் கூடும் என்று நினைப்பது வீண். நினைவாற்றலைப் பற்றி நடந்த ஆய்வுகளின் முடிவுகள் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் துவையலாகவோ, பருப்புக் கூட்டாகவோ, தோசை மாவில் அரைத்துச் சேர்த்தோ சாப்பிட்டால் அது நல்ல கீரை. அந்த அளவில் வைத்துக்கொள்வதே அறிவுடைமை. கருவுற்ற பெண்களும், கல்லீரல் நோய் உள்ளவர்களும், தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதை மருந்துபோல் தினமும் உண்ணக்கூடாது.

செய்ய வேண்டியது

வல்லாரையைப் பறித்து விற்கும் பெண்களின் பிழைப்பைக் கெடுப்பது இதன் நோக்கம் அன்று. அவர்களுக்குச் சொந்த நிலம் இல்லை என்பதால்தான் கரையைத் தேடிப் போகிறார்கள். கிராமத்தில் தோப்பு வைத்திருப்பவர் நிழல் நிலத்தில் இரண்டு பாத்தியை அவர்களுக்கு வாரத்துக்கு விடலாம். களை எடுப்பும் அறுப்பும் கட்டுக் கட்டுவதும் அவர்கள் கை பழகிய வேலைகள். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இதை எடுத்துக்கொண்டால் இன்னும் எளிது. தோட்டக்கலைத் துறையின் பண்ணைகள் சுத்தமான தாய்ச்செடிகளைப் பெருக்கிச் சிறு விவசாயிகளுக்குக் குறைந்த விலையில் கொடுக்க வேண்டும். சந்தைக்கு வரும் கீரைகளை உலோகங்களுக்காக அவ்வப்போது பரிசோதித்து முடிவை மக்களுக்கு அறிவிக்கவும் வேண்டும். சுத்தமாக வளர்ப்பவனுக்கும் சாக்கடை ஓரத்தில் பறிப்பவனுக்கும் ஒரே விலை கிடைக்கும்வரை சுத்தமாக வளர்க்க எவரும் முன்வர மாட்டார்கள்.

வடபழனியில் கீரை வாங்கும் தாய், "இது எந்த ஊர் வல்லாரை?" என்று கேட்கப் பழக வேண்டும். அந்தக் கேள்விக்கு ஓர் ஊரின் பெயரைப் பதிலாகச் சொல்லக்கூடிய விவசாயி முன்வர வேண்டும். ஆடி மாதம் வருமுன் தோப்பைச் சுற்றி வந்து, வெளிச்சம் சலித்து விழும் இடம் எது என்று பார்த்து வைத்தால் அரை சென்ட் நிலம் எவருக்கும் கிடைக்கும்.